செவலைக்குப் பட்டுப்புழு: சிட்னியில் உயிர்த்தீனி வாங்குவது பற்றி

சிட்னியின் மேற்குப் பக்கம் இருந்துகொண்டு தாடி ஓணான் வளர்ப்பவர் யார் கேட்டாலும், பணம் கொஞ்சம் கூடப் போனாலும் பரவாயில்லை, பட்டுப்புழு வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். அதற்கு அடுத்தது வுட்டி கரப்பான். சில்வண்டு மூன்றாவது. மீல்வார்ம் என்ற வண்டுப்புழு எப்போதாவது. தோட்டத்தில் பிடித்த பூச்சி மட்டும் வேண்டவே வேண்டாம். இவை எல்லாவற்றையும் வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் இருப்பது பியர்டட் டிராகன். ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதி வறண்ட நிலத்துப் பிராணி. நம் ஊர் ஓணானும் இதுவும் ஒரே குடும்பம்தான். பயந்தாலோ கோபம் வந்தாலோ தாடைக்குக் கீழே முள்முள்ளாக இருக்கும் தோலை உப்பிக் கறுப்பாக்கிக் காட்டும், அதனால் தாடி. ஊரிலிருந்து வீடியோவில் பார்த்த அப்பா, "ஏம்மா, ஓணானைப் போய்க் காசு கொடுத்தா வாங்கினே? ஆனா நல்ல செவலை நிறம்" என்றார். மகள் அதையே பெயராக வைத்துவிட்டாள். இங்கே நியூ சவுத் வேல்ஸில் இதை வளர்க்க அரசு உரிமம் வேண்டும். காட்டிலிருந்து பிடித்து வரக்கூடாது. உரிமம் உள்ள வளர்ப்பாளரிடமோ கடையிலோதான் வாங்க வேண்டும். அந்த விஷயத்தில் கடைக்காரர்கள் கண்டிப்பாகவே இருக்கிறார்கள், இருக்கவும் வேண்டும்.

குட்டியாக இருக்கும்போது இது பெரும்பாலும் பூச்சிதான் தின்னும். வளர வளரக் கீரையும் இலையும் கூடிக்கொண்டே போய், பெரிதானதும் தட்டில் முக்கால்வாசி பச்சைதான் இருக்க வேண்டும். அதனால் வாங்கிய புதிதில்தான் பூச்சிச் செலவு அதிகம். கடையில் யாரும் இதை முதலிலேயே எடுத்துச் சொல்வதில்லை. ஓணானின் விலையை விட அதன் முதல் வருடத் தீனிக்கு ஆகும் செலவைத்தான் வாங்குகிறவர் கணக்குப் போட வேண்டும்.

சரி, சில்வண்டிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லோரும் முதலில் வாங்குவது அதைத்தான். பிளாஸ்டிக் டப்பாவில், முட்டை அட்டைத் துண்டோடு, குண்டூசித் தலை அளவிலிருந்து பெரியது வரை அளவு பிரித்து விற்கிறார்கள். ஓணானின் இரண்டு கண்களுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளியோ அதைவிடப் பெரிய பூச்சி கொடுக்கக்கூடாது என்பது பொதுவான அளவு. டப்பாவை எடுத்ததும் மூடியை மூக்கருகே கொண்டுபோய்ப் பாருங்கள். நெடி ஏறினால் அடியில் செத்தது கிடக்கிறது என்று அர்த்தம். பெரிய சங்கிலிக் கடை ஒன்றில் நான் வாங்கிய டப்பாக்களில் பாதி செத்தே இருந்தது. கேட்டதற்கு, "இரண்டு நாளில் கொடுத்துவிட வேண்டும்" என்றார்கள். நன்றாக வளர்த்த சில்வண்டு அகலமான பெட்டியில், காய்ந்த அட்டையும் ஒரு கேரட் துண்டும் இருந்தால் அதற்கு மேலும் தாங்கும். அதை அடித்துப்போடுவது ஈரமும் நெருக்கடியும்தான். கடையில் சரக்கு எந்தக் கிழமை வந்து இறங்குகிறது என்று கேட்டு, அன்றைக்கே போய் வாங்குவது நல்லது. இதைக் கேட்டால் சிறிய ஊர்வனக் கடைக்காரர்கள் சந்தோஷமாகவே சொல்கிறார்கள்.

சில்வண்டின் பெரிய குறை சத்துக் கணக்கு. அதன் உடம்பில் கால்சியத்தைவிட பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். அப்படியே போட்டுக்கொண்டிருந்தால் ஓணானின் எலும்பிலிருந்தே கால்சியம் கரையும். தாடை ரப்பர் மாதிரி வளையும், கால் நடுங்கும், நடக்க முடியாமல் வயிற்றைத் தரையில் இழுக்கும். இதற்குப் பொடி இருக்கிறது. பூச்சியை ஒரு பையில் போட்டு, கால்சியம் பொடியைத் தூவி ஒரு குலுக்குக் குலுக்கி, வெள்ளையாக வந்ததும் கொடுக்க வேண்டும். கூடவே யுவிபி என்ற புறஊதாக் கதிர் தரும் விளக்கு வேண்டும், அது இல்லாவிட்டால் உடம்பு கால்சியத்தை எடுத்துக்கொள்ளாது. விளக்கு எரிந்துகொண்டுதானே இருக்கிறது என்று விடக்கூடாது. வெளிச்சம் வந்துகொண்டிருக்கும்போதே அதிலிருந்து வரும் புறஊதா குறைந்துபோயிருக்கும், அதனால் தயாரிப்பாளர் சொன்ன காலத்தில் மாற்றிவிட வேண்டும். அப்புறம், தின்னாமல் மிச்சமான சில்வண்டை ராத்திரி கூண்டிலேயே விட்டால் அது தூங்கும் ஓணானைக் கடிக்கும். கால்விரல், வால்நுனி எல்லாம் புண்ணாகும்.

வுட்டி என்பது இங்கே தீனிக்காக வளர்க்கும் சாம்பல் நிறக் கரப்பான். அமெரிக்காக்காரர்கள் எழுதியதைப் படித்துவிட்டு டூபியா கரப்பான் தேடாதீர்கள், ஆஸ்திரேலியாவில் அதற்கு அனுமதி கிடையாது. வுட்டி சத்தம் போடாது, நாறாது, சில்வண்டு மாதிரி பொசுக்கென்று சாகாது. வீட்டிலேயே பெருகவும் செய்யும். கண்ணாடியில் ஏறும் என்பதால் பெட்டியின் மேல் விளிம்பைச் சுற்றி உள்பக்கம் வாசலின் தடவி வைத்திருக்கிறேன். கரப்பானை வீட்டுக்குள் வைத்து வளர்ப்பதா என்று என் கணவர் முகம் சுளித்தார். இப்போது அதற்குக் கேரட் நறுக்கிப் போடுவது அவர்தான். காசுக்கு ஏற்ற மதிப்பு என்று மட்டும் பார்த்தால் வுட்டிக்குத்தான் முதலிடம்.

மீல்வார்முக்கு ஓடு கெட்டி, சூப்பர்வார்முக்குக் கொழுப்பு அதிகம். செவலை இரண்டையும் ஆசையாகத் தின்னும், அதனாலேயே அளவாகக் கொடுக்கிறேன். பிளாக் சோல்ஜர் ஈயின் புழு நல்லது. மற்ற பூச்சிகளைப் போல் இல்லாமல் அதன் உடம்பிலேயே கால்சியம் நிறைய இருக்கிறது. ஆனால் சிறியது, பெரிய ஓணான் ஒரு முறை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும்.

இனிப் பட்டுப்புழு. நான் கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரி. எங்கள் வீட்டில் மல்பெரித் தோட்டமும் புழு மனையும் இருந்தது. சாக்கி என்னும் இளம்புழு வாங்கி வந்து, தட்டுத் தட்டாக இலை போட்டு, சந்திரிகை என்ற மூங்கில் தட்டியில் ஏற்றிக் கூடு கட்டும் வரை பார்த்தவள் என்பதால், இதில் எனக்குப் பாசம் கொஞ்சம் அதிகம்தான். அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் ஓணானுக்கு இதைவிட நல்ல தீனி எனக்குத் தெரியவில்லை. ஓடு கிடையாது, மெத்தென்று இருக்கும், கொழுப்பு குறைவு, உடம்பில் பெரும்பகுதி ஈரம். தண்ணீர்க் கிண்ணத்தைத் திரும்பியும் பார்க்காத இந்த மாதிரிப் பிராணிக்கு அந்த ஈரம் பெரிய உதவி. கடிக்காது, குதிக்காது, தப்பி ஓடி அடுப்புக்கு அடியில் ஒளியாது. கால்சியம் பொடி மட்டும் இதற்கும் வேண்டும்.

நான் வாங்குவது பிளாக்டவுன் பக்கம் வீட்டிலேயே வளர்த்து விற்கும் ஒரு பெண்மணியிடம். இங்கே பள்ளிப் பிள்ளைகள் வசந்த காலத்தில் செருப்புப் பெட்டியில் பட்டுப்புழு வளர்ப்பது வழக்கம். இவரும் தன் பிள்ளைகளுக்காகத் தொடங்கியவர்தான். மல்பெரிப் பொடியில் கிளறிய தீனிக் கட்டி கொடுத்து வளர்த்த புழுவும் கடைகளில் கிடைக்கிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இவருடைய புழு இலை தின்று வளர்ந்தது. முதல் முறை போனபோது இலை எங்கிருந்து வருகிறது என்றுதான் கேட்டேன். கொல்லைப்பக்கம் கூட்டிப்போய் மரத்தைக் காட்டினார். நல்ல கறுப்பு மல்பெரி, கிளை பாதி பக்கத்து வீட்டு வேலிக்கு மேலே போகிறது. "அந்தப் பக்கத்து இலையை நான் பறிப்பதே இல்லை" என்றார். அதோடு விடவில்லை. எந்தக் கிளையில் புதிதாகப் பறித்தாலும் முதலில் தனித் தட்டில் நாலைந்து புழுவுக்கு மட்டும் போட்டு, ஒரு ராத்திரி பார்த்துவிட்டுத்தான் மற்றவற்றுக்குப் போடுவாராம்.

இதைக் கேட்டதும் எனக்கு அப்பா நினைவுதான் வந்தது. அந்தக் காலத்தில் ஊரில் மல்பெரிக்கு நுவான் என்ற பூச்சி மருந்து அடித்தால் இரண்டு வாரம் போல அந்த இலையில் கை வைக்க மாட்டார்கள். பக்கத்துக் கொல்லையில் யாராவது தக்காளிக்கு மருந்து அடித்தால் காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பார்கள். புகையிலை போட்ட நிலத்துக்குப் பக்கத்தில் மல்பெரி வைக்க மாட்டார்கள், அந்த நெடியும் புழுவுக்கு ஆகாது. மருந்து பட்ட இலையைத் தின்ற புழு எப்படி இருக்கும் என்று நான் பார்த்திருக்கிறேன். தலையைத் தூக்கி இப்படியும் அப்படியும் ஆட்டும். வாயில் பச்சையாக நீர் கக்கும். உடம்பு சுருங்கிக் குட்டையாகும். மறுநாள் காலையில் தட்டோடு கொண்டுபோய்க் கொட்ட வேண்டியதுதான். பூச்சி மருந்தின் சுவடு கூடத் தாங்காத பிராணி அது. அதனால்தான் உயிரோடு, கொழுகொழுவென்று, கொடுத்த இலையை விளிம்பிலிருந்து அரைவட்டமாக அரித்துத் தின்றுகொண்டிருக்கும் பட்டுப்புழுவைப் பார்த்தாலே எனக்கு நிம்மதி. அது தின்ற இலையில் பூச்சி மருந்து இல்லை என்பதற்கு வேறு சான்றிதழ் எனக்கு வேண்டியதில்லை.

ஆனால் ஒன்று கவனியுங்கள், நான் சொல்வது பூச்சி மருந்துக்குத்தான். களைக்கொல்லி வேறு கதை. களைக்கொல்லி பட்ட இலையைத் தின்றதும் புழு இப்படிச் சுருண்டு விழும் என்று எதிர்பார்க்க முடியாது. அதனால் அதைக் கண்ணால் பார்த்து, வாயால் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. தோட்டத்துப் பூச்சியும் புல்லும் எனக்கு ஆகாமல் போனதற்குக் காரணம் இதுதான்.

சிட்னியில் புல்தரை வைத்திருக்கும் எல்லோருக்கும் பிண்டி தெரியும். குளிர்காலத்தில் இலை விட்டு, வசந்தம் வந்ததும் முள் விதை கட்டும் களை. வெறுங்காலோடு நடந்தால் நெருஞ்சி குத்துகிற மாதிரி இருக்கும். முள் கட்டுவதற்கு முன்னாலேயே, குளிர்காலக் கடைசியில், தெருவே சேர்ந்து மருந்து அடிக்கும். அதில் இருப்பது எம்சிபிஏ, டைகாம்பா மாதிரியான மருந்துகள். புல்லை விட்டுவிட்டு அகன்ற இலைக் களையை மட்டும் கொல்பவை. நம் ஓணானுக்குப் பிடித்த டேண்டிலயன், சௌதிசில், குளோவர் எல்லாமே அகன்ற இலைச் செடிகள்தான். அந்த மருந்து பட்டால் இலைக்காம்பு முறுக்கிக்கொள்ளும், தண்டு பாம்பு மாதிரி வளையும், சில நாளிலேயே கண்ணுக்குத் தெரியும். எங்கள் வேலி ஓரம் டேண்டிலயன் இலை திருகிக்கொண்டு நிற்பதைப் பார்த்துத்தான், பக்கத்து வீட்டுக்குப் புல்வெட்ட வரும் ஆள் மருந்தும் அடிக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

கிளைபோசேட் என்ற களைக்கொல்லி அப்படிக் காட்டிக்கொடுக்காது, அதுதான் எனக்குப் பயம். அடித்த பிறகும் செடி நாள்கணக்கில் பச்சையாகவே நிற்கும். மஞ்சளாக ஒரு வாரம், சில செடிக்கு இரண்டு வாரம் கூட ஆகும். அந்த இடைவெளியில் யார் பறித்தாலும் நல்ல கீரை என்றுதான் பறிப்பார்கள். அதே இலையில் உட்கார்ந்து தின்னும் கம்பளிப்புழுவும் வெட்டுக்கிளியும் நன்றாகத்தான் இருக்கும். கிளைபோசேட் செடிகளிலும் நுண்ணுயிர்களிலும் மட்டும் இருக்கிற ஒரு நொதியைத்தான் தடுக்கிறது, பிராணிகளுக்கு அந்த வழியே கிடையாது என்பார்கள். அது உண்மை. ஆனால் குடலுக்குள் இருப்பது நுண்ணுயிர்தானே? தேனீயின் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவை இது குறைக்கிறது என்று 2018இல் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். மருந்து இலையில் ஒட்டுவதற்காகச் சேர்க்கும் சோப்பு மாதிரியான பொருள்களில் சில தவளைக்கும் தலைப்பிரட்டைக்கும் ஆகாது. நீர்நிலை ஓரம் அடிப்பதற்கென்று வேறு சேர்மானத்தில் தனியாக விற்பதே அதனால்தான். மனிதர்களுக்குப் புற்றுநோய் வருமா என்ற வழக்கு தனி. 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 'அநேகமாக வரக்கூடும்' என்ற பிரிவில் வைத்தது, இங்குள்ள ஒழுங்குமுறை அமைப்பு லேபிளில் சொன்னபடி பயன்படுத்தினால் ஆபத்தில்லை என்கிறது. லேபிள் எழுதியவர்கள் யாரும் அந்த இலையைத் தினமும் தின்னும் ஒரு சிறிய ஓணானை மனதில் வைத்து எழுதவில்லை. என் கவலை அது.

நடைபாதை ஓரத்துப் பச்சையையும் தொடாதீர்கள். இந்த மாநிலத்தில் பொது இடத்தில் மருந்து அடிக்கும் கவுன்சில்கள் முன்கூட்டித் தெரிவிக்க ஒரு திட்டம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். உங்கள் கவுன்சிலின் இணையதளத்தில் தேடினால் கிடைக்கும். எங்கே அடித்தோம் என்று தெரிவதற்காகச் சாயம் கலந்தும் அடிப்பார்கள். கம்பத்தைச் சுற்றியோ நடைபாதை விளிம்பிலோ புல்லில் நீலத் திட்டு தெரிந்தால் அதுதான். மழை பெய்தால் சாயம் போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தோட்டத்தில் இன்னும் இரண்டு ஆபத்து. ஒன்று நத்தை மருந்து. மெட்டால்டிஹைட் குருணையைத் தின்று மயங்கிக் கிடக்கும் நத்தையை புளூடங்க் என்ற பெரிய நீலநாக்கு அரணை தின்றுவிட்டுத் தானும் சாகும். எங்கள் தெருவில் புளூடங்க் வெயில் காயும் வீடுகள் உண்டு, அந்த வீட்டுக்காரர்களிடம் நானே போய்ச் சொல்லியிருக்கிறேன். நத்தை தின்ன ஒரு அரணை தோட்டத்திலேயே இருக்கும்போது மருந்து எதற்கு? இன்னொன்று மின்மினி. தாடி ஓணான்கள் மின்மினி தின்று செத்ததை 1999இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். ஒன்றே ஒன்று போதுமாம். புறநகரில் மின்மினி பார்ப்பது அபூர்வம், ஆனால் புளூ மவுண்டன்ஸ் பக்கம் உண்டு, அங்கே இருப்பவர்கள் ராத்திரி விளக்கடியில் பிடித்த பூச்சியைக் கொடுக்கவே வேண்டாம்.

நர்சரியில் வாங்கிய செம்பருத்தி, மல்பெரிக் கன்று எதுவானாலும் இலையை உடனே பறித்துக் கொடுக்காதீர்கள். இமிடாகுளோபிரிட் மாதிரி வேர் வழியாக ஏறி இலை முழுக்கப் பரவும் பூச்சி மருந்தை நர்சரியில் கொடுத்திருக்கலாம். அது கழுவினால் போகாது. நான் செம்பருத்தியைக் குச்சி ஒடித்து நட்டுத்தான் வளர்த்தேன். பக்கத்து வீட்டு அம்மாவிடம் போய், புல்வெட்டுகிறவர் மருந்து அடிக்கும் நாளுக்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லச் சொன்னேன். "ஓணானுக்காகவா?" என்று சிரித்தார், ஆனால் தவறாமல் சொல்கிறார். அந்த வாரம் வேலி ஓரம் நான் எதையும் பறிப்பதில்லை.

கடைக்காரரிடம் கேட்க வேண்டியதும் இதே கேள்விதான். பூச்சிக்கு என்ன தீனி கொடுத்தீர்கள், அந்தக் கீரை எங்கிருந்து வந்தது, கடையில் கரப்பான் மருந்து அடிக்கிறீர்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு ஒரு கடையில் பதிலே வரவில்லை. அங்கே இப்போது விளக்கு மட்டும்தான் வாங்குகிறேன். எங்கள் பக்கத்துச் சிறிய ஊர்வனக் கடையில் இருக்கும் இளைஞர் பின்பக்கம் கூட்டிப்போய் சில்வண்டுக்குப் போடும் கேரட் மூட்டையையே காட்டினார். எந்தக் கடையில் வாங்கினாலும், பூச்சியை ஒன்றிரண்டு நாள் வீட்டில் வைத்து நல்ல கீரை, பூசணி கொடுத்து வயிற்றை நிரப்பிவிட்டுத்தான் செவலைக்குப் போடுகிறேன். பூச்சி தின்றதுதான் கடைசியில் ஓணானுக்குப் போகிறது.

பட்டுப்புழுவின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஒரு டப்பா சில்வண்டை விட நல்ல விலை. ஈர இலை போட்டால் நோய் வந்து மொத்தமும் போய்விடும், இலையைத் துடைத்துத்தான் போட வேண்டும். கடைசித் தோல் உரித்த பிறகு அது தின்னும் வேகத்துக்கு இலை பறித்து மாளாது. கூடு கட்டத் தொடங்கிவிட்டால் தீனிக்கு ஆகாது, அதனால் சிறிய புழுவாக வாங்கி வளர்த்துக் கொடுப்பதுதான் லாபம். குளிரில் மல்பெரி இலை உதிர்ந்துவிடும் என்பதால் ஜூன், ஜூலையில் அந்தப் பெண்மணியிடம் புழு கிடைக்காது. அந்த மாதங்களில் செவலையும் மந்தமாகிப் பாதி நாள் தூங்கும், வுட்டியே போதும். அவர் முட்டையைக் காகிதத்தோடு குளிர்பெட்டியில் வைத்திருக்கிறார். ஆகஸ்டு கடைசியில் மரம் துளிர்த்ததும் வெளியே எடுப்பார். வேண்டியவர்கள் அதற்கு முன்னாலேயே சொல்லி வைத்துவிடுங்கள், முதலில் பொரிப்பதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள்.